மணிலாவின் கடைசி அரசர் ராஜா சுலைமான்

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. அவர்களிடம் பிலிப்பைன்ஸ்காரர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மருத்துவமனையில் நர்ஸாகவோ, ஓட்டலிலோ, அலுவலகத்திலோ கூட வேலை பார்த்த ஒருவரையாவது நினைவு வைத்திருப்பார்கள். முகத்தைப் பார்த்தால் மலாய்க்காரர் போல இருக்கும். பெயரோ சாந்தோஸ், ரேயஸ், குரூஸ் என்று ஸ்பெயின் நாட்டுப் பெயராக இருக்கும். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் 327 ஆண்டு கால ஸ்பானிய ஆட்சி இருக்கிறது. 1571 முதல் 1898 வரை அந்த ஆட்சிக்குத் தலைநகராக இருந்தது மணிலா. ஸ்பானியரின் கப்பல்கள் முதன்முதலாக அங்கே வந்து நங்கூரமிட்டபோது அது ஒரு முஸ்லிம் அரசரின் ஊராக இருந்தது. அந்த அரசரின் பெயர் சுலைமான்.

இவரைப் பற்றி இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. ஸ்பானியரை எதிர்த்துக் கடலில் போரிட்டு ஷஹீதானார் என்பதோடு கதை முடிந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லவும் சுலபமானது. ஆனால் நடந்தது அதுவல்ல. நடந்ததைச் சொன்னால் அவருடைய மதிப்பு குறையும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை.

மணிலா விரிகுடாவில் பாசிக் என்ற ஆறு வந்து கலக்கிறது. ஆற்றின் தென்கரையில் மைநிலா, வடகரையில் தொண்டோ. இரண்டும் தனித்தனி அரசுகள். ஆனால் அரச குடும்பங்களுக்குள் உறவும் உண்டு, பகையும் உண்டு. மைநிலா என்ற பெயருக்கு அவுரிச் செடி உள்ள இடம் என்று மொழியறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். நீலச் சாயம் எடுக்கும் அதே அவுரிதான். பெயரில் இருக்கும் நிலா, நாம் நீலம் என்று சொல்லும் சொல்லின் உறவுச் சொல். கடல் வாணிபம் சரக்கோடு சொற்களையும் ஏற்றிச் சென்ற காலம் அது.

ஊர் பெரியதல்ல. பனை மரத்தண்டுகளை நட்டு, மண் அணைத்துக் கட்டிய கோட்டைச் சுவர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்தது. சுவரின் இடைவெளிகளில் பீரங்கிகள் வைக்கப்பட்டிருந்தன. சீனாவிலிருந்து பீங்கான், பட்டு, இரும்பு ஏற்றிவந்த மரக்கலங்கள் இங்கே நின்றன. ஸ்பானியர் வந்தபோது ஏறத்தாழ 40 சீனர்களும் 20 ஜப்பானியரும் ஊரில் குடியிருந்ததாக அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தெற்கே புருணையோடும் மலாக்காவோடும் இடையறாத போக்குவரத்து இருந்தது.

மார்க்கம் வந்ததும் அந்தப் புருணை வழியாகத்தான். மைநிலா அரச குடும்பத்துக்கும் புருணை சுல்தான்களுக்கும் இரத்த உறவு இருந்தது. இஸ்லாம் வந்து வெகுகாலம் ஆகியிருக்கவில்லை. கடற்கரையில், வணிகத் தொடர்பு இருந்த மக்களிடம்தான் அது பரவியிருந்தது. உள்நாட்டில் பழைய வழிபாடுகளே நடந்தன. பன்றி இறைச்சியைத் தவிர்ப்பது போன்ற சில வழக்கங்களைத் தவிர அவர்களுக்கு மார்க்கம் ஆழமாகத் தெரியாது என்று ஸ்பானியர் எழுதினார்கள். இது எதிரியின் எழுத்து என்பதை மறக்க வேண்டாம். ஆனால் முற்றிலும் பொய்யாக இருக்கவும் வாய்ப்பில்லை. எந்த ஊரிலும் முதல் இரண்டு தலைமுறை அப்படித்தான் இருக்கும். நபி சுலைமான் (அலை) அவர்களின் பெயரைத் தன் மகனுக்குச் சூட்டும் அளவுக்கு அந்த வீட்டில் தீன் வேரூன்றியிருந்தது என்பது மட்டும் உறுதி.

ஸ்பானியர் இவர்களைப் பார்த்ததும் மோரோ என்று அழைத்தார்கள். 1492-ல் கிரனடாவை வீழ்த்தி அங்கிருந்த கடைசி முஸ்லிம் அரசை முடித்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு 80 ஆண்டுகூட ஆகவில்லை. உலகின் மறு கோடிக்கு வந்தும் அதே பழைய பகையின் பெயரையே இவர்களுக்கும் வைத்தார்கள். போர்த்துக்கீசியர் இலங்கைச் சோனகர்களுக்கு வைத்த பெயரும் இதுதான். இலங்கையின் அரசுக் கணக்கெடுப்பில் இன்றும் ஆங்கிலத்தில் மூர் என்று எழுதப்படுவதன் மூலம் இதுவே. மிந்தனாவோ முஸ்லிம்கள் அந்தச் சொல்லையே பின்னாளில் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். அது வேறு கதை.

சுலைமானின் கதையில் அவரைவிட முக்கியமான ஒருவர் இருக்கிறார். அவருடைய பெரியவர், ராஜா மத்தாண்டா. இது பெயரல்ல, தகாலோக் மொழியில் மத்தாண்டா என்றால் முதியவர். இயற்பெயர் ஆச்சே. இவரோடு மலாய் முறைப்படி ராஜா மூடாவாக, அதாவது இளைய ராஜாவாக, ஊரை ஆண்டவர் சுலைமான். மலேசியாவில் உறவினர் உள்ளவர்களுக்கு மூடா என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை.

முதியவர் ஸ்பானியரை முதன்முதலாகப் பார்த்தது 1570-ல் அல்ல. அதற்கு 49 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறார், அதுவும் கைதியாக. இளம் வயதில் தொண்டோ ஆட்சியாளருடன் நிலத் தகராறு ஏற்பட்டு, அவர் தம் பாட்டனாரான புருணை சுல்தானிடம் போயிருந்தார். அங்கே கடற்படைத் தளபதியானார். 1521-ல் மெகல்லன் மக்தான் தீவில் லாப்பு லாப்புவின் ஆட்களால் கொல்லப்பட்ட பிறகு, எஞ்சிய அவருடைய கப்பல்கள் புருணைக் கடலில் அலைந்துகொண்டிருந்தன. அவை ஆச்சேயின் கலத்தை மடக்கி அவரைப் பிடித்தன. உலகைச் சுற்றிவந்த அந்தப் பயணத்தின் குறிப்பெழுத்தாளர் பிகாஃபெட்டா, லூசோன் அரசரின் மகன் ஒருவர் பிடிபட்டதைப் பதிவு செய்திருக்கிறார். கப்பல் தலைவர் இரகசியமாகத் தங்கம் வாங்கிக்கொண்டு அவரை விட்டுவிட்டதாகவும் அதில் இருக்கிறது.

அந்தக் கப்பல்களின் பீரங்கிகளை அருகிலிருந்து பார்த்த இளைஞர்தான் 1570-ல் முதிய ராஜா. சுலைமானோ அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார், அவ்வளவுதான். பின்னால் நடந்ததை இந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் இருவருக்கும் நியாயம் செய்ய முடியும் என்று தோன்றுகிறது.

1565-ல் மிகெல் லோபெஸ் டெ லெகாஸ்பி மெக்சிகோவிலிருந்து பசிபிக்கைக் கடந்து வந்து செபு தீவில் குடியேறினார். அங்கே உணவுப் பஞ்சம். போர்த்துக்கீசியரின் தொல்லை வேறு. 1569-ல் பனாய் தீவுக்கு மாறினார். வடக்கே லூசோனில் சீனக் கப்பல்கள் வந்துபோகும் வளமான துறைமுகம் ஒன்று இருக்கிறது என்ற செய்தி அவரிடம் திரும்பத் திரும்ப வந்தது. 1570 மே மாதம் தளபதி மர்த்தீன் டெ கோய்ட்டியை அனுப்பினார். கூடவே லெகாஸ்பியின் பேரன், இருபது வயதை ஒட்டிய ஹுவான் டெ சல்சேடோ. ஸ்பானிய வீரர்களும் மாலுமிகளும் சேர்ந்து 120 பேர் அளவில்தான். ஆனால் அவர்களைச் சுற்றி விசாயர் என்ற தென் தீவு மக்களின் படகுகள் வந்தன. அவற்றில் நூற்றுக்கணக்கான போர் வீரர்கள் இருந்தார்கள். வரலாற்றில் இந்தப் பகுதியை யாரும் உரக்கச் சொல்வதில்லை. மணிலாவை ஸ்பெயின் மட்டும் பிடிக்கவில்லை.

சுலைமான் கோய்ட்டியைக் கரையில் சந்தித்தார். இரு தரப்பும் தழுவிக்கொண்டது. நட்புக்குத் தயார் என்று சொன்ன சுலைமான் ஒரு நிபந்தனையையும் அப்போதே வைத்தார். பச்சை குத்திய விசாயர்களைப் போலத் தம் மக்களை நடத்தலாம் என்று எண்ணக்கூடாது. மானத்துக்குச் சிறு இழுக்கு வந்தாலும் உயிரைப் பணயம் வைத்துப் பதில் கொடுப்போம் என்பது அதன் சாரம். இந்தச் செய்தி எதிரிகளின் பதிவிலேயே இருப்பதால் நம்பலாம். அதில் விசாயர்களைத் தாழ்த்தும் தொனி இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கடற்கரை அரசர்களுக்கு அந்தத் தீவு மக்கள் மேல் அப்படி ஒரு பார்வை இருந்தது. அதே விசாயர்கள்தான் எதிரியின் படகுகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்நாட்டு வழக்கப்படி இரத்தம் கலந்து உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆனால் சில நாளிலேயே அது ஆட்டம் கண்டது. வந்தவர்கள் விருந்தினராக நிற்கவில்லை. குடியேறப் போகும் ஸ்பானியரை ஊர் மக்கள் தாங்கிப் பராமரிக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. திறை என்ற சொல்லும் வந்தது. சுலைமானின் போக்கு மாறியது. முதல் மழைக்காக அவர் காத்திருக்கிறார் என்று கோய்ட்டிக்கு ஒற்றர் செய்தி போனது. காரணம் எளிது. அந்தக் காலத்துத் துப்பாக்கி, திரி கொளுத்திச் சுடுவது. மழை பெய்தால் திரி நனையும். திரி நனைந்தால் துப்பாக்கி வெறும் இரும்புத் தடி. ஸ்பானியர் சொல்வது உண்மையானால், எதிரியின் பலவீனம் எங்கே என்று சுலைமானுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மழை வரும் முன்பே போர் வந்துவிட்டது. வரலாற்று நூல்கள் குறிக்கும் நாள் மே 24, ஹிஜ்ரி 977 துல்ஹஜ் மாதம். கடலில் சென்றிருந்த ஒரு படகைத் திரும்ப அழைக்க கோய்ட்டியின் கப்பலிலிருந்து ஒரு வெடி வெடித்தார்கள். கரையில் இருந்தவர்கள் அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சுட்டார்கள். ஒரு குண்டு கப்பலில் பட்டது. இதுவும் ஸ்பானியரின் கதைதான். முதலில் சுட்டது நாங்களல்ல என்று எழுதிக்கொள்ளாத படையெடுப்பாளர் யார்?

கோய்ட்டி 80 பேரோடு கரையிறங்கி பனைமரச் சுவரை நோக்கி ஓடினார். பீரங்கி வாயிலாகவே உள்ளே புகுந்தார்கள். மறுமுறை மருந்து கெட்டித்துச் சுட நேரம் கிடைக்கவில்லை. நேருக்கு நேர் சண்டையில் இரும்புக் கவசம் போட்டவனுக்கும் வெறும் மார்போடு நிற்பவனுக்கும் உள்ள வேறுபாடு சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது. ஊருக்குத் தீ வைத்தார்கள். மூங்கிலும் ஓலையும் வேய்ந்த வீடுகள். நூறு பேர் அளவில் மடிந்தார்கள். எண்பது பேர் அளவில் பிடிபட்டார்கள். சுலைமானும் பெரியவரும் மக்களோடு பின்வாங்கிவிட்டார்கள்.

தீ அடங்கிய பின் ஸ்பானியர் கண்ட ஒன்று அவர்களையே வியக்க வைத்தது. சுலைமானின் மாளிகையை ஒட்டி ஒரு பீரங்கி வார்ப்புப் பட்டறை இருந்தது. களிமண்ணும் மெழுகும் கொண்டு செய்த அச்சுகள் அங்கே கிடந்தன. அவற்றில் ஒன்று 17 அடி நீளப் பீரங்கிக்கானது. மாளிகையில் செம்பு, இரும்பு, பீங்கான், பஞ்சு என்று சரக்குகள் இருந்தன. 13 பீரங்கிகளை அவர்கள் எடுத்துச் சென்றார்கள். நாகரிகம் கொடுக்க வந்தோம் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள், வந்த முதல் மாதத்தில் எரித்தது ஒரு தொழிற்கூடத்தை. இந்தப் பட்டறையைப் பற்றிப் பேசும்போது பிலிப்பைன்ஸ் வரலாற்று ஆசிரியர்களின் எழுத்தில் இன்றும் ஒரு வருத்தம் தெரியும்.

கோய்ட்டியால் அங்கே தங்க முடியவில்லை. ஆள் போதாது, காற்று திரும்பும் காலம் வேறு. பனாய்க்குத் திரும்பினார். அவர் போனதும் மக்கள் வந்தார்கள், சாம்பல் மேலேயே வீடு கட்டினார்கள்.

அடுத்த ஆண்டு, 1571 மே மாதம், லெகாஸ்பியே நேரில் வந்தார். 27 கலங்கள், 200-க்கும் மேற்பட்ட ஸ்பானியர்; விசாயர் படகுகளும் மீண்டும் வந்தன. கப்பல்கள் கண்ணில் பட்டதும் மைநிலா மக்கள் தாங்கள் கட்டிய வீடுகளுக்குத் தாங்களே தீ வைத்துவிட்டு ஆற்றைக் கடந்து தொண்டோவுக்குப் போனார்கள். ஓராண்டுக்குள் அந்த ஊர் இரண்டாம் முறை எரிந்தது. முதல் தீ எதிரி வைத்தது. இரண்டாவது, எதிரிக்கு நிழல்கூடக் கிடைக்கக்கூடாது என்று சொந்த மக்களே வைத்தது. அந்த இரவு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறிய தாய்மார்களைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை.

இப்போது என்ன செய்வது? தொண்டோவின் அரசர் லாக்கன் துலா சமாதானம் பேச வந்தார். மத்தாண்டாவும் வந்தார். சுலைமான் முதலில் வரவில்லை. போன ஆண்டு போரிட்டவர் அவர்தான். தலை போகும் என்ற அச்சம் இருந்திருக்கும், வெட்கமும் இருந்திருக்கும். அவருக்காகப் பெரியவர் பரிந்து பேசினார். லெகாஸ்பி கோய்ட்டியைப் போல அவசரக்காரர் அல்ல. பழைய எழுத்தர், மெக்சிகோ நகர நிர்வாகத்தில் பணியாற்றியவர். மன்னித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். சுலைமான் வந்தார். மூவரும் ஸ்பெயின் மன்னரின் மேலாண்மையை ஏற்றார்கள். பதிலாக லெகாஸ்பி ஒரு வாக்குக் கொடுத்தார்: இந்த அரச குடும்பங்களும் அவர்களுடைய சந்ததியும் திறை கட்ட வேண்டாம், கட்டாய உழைப்புக்கும் வர வேண்டாம். எரிந்த ஊர் இருந்த இடத்தில் ஸ்பானியருக்குக் கோட்டையும், லெகாஸ்பிக்குப் பெரிய வீடும், தேவாலயமும், 150 வீடுகளும் கட்டித் தர ஊர் மக்கள் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் ஊரின் மேல் அந்நியரின் ஊரைத் தங்கள் கையாலேயே கட்டினார்கள். 1571 ஜூன் 24 அன்று மணிலா ஸ்பானிய நகரமாக முறைப்படி அறிவிக்கப்பட்டது.

அதற்கு மூன்று வாரம் முன்பு நடந்ததுதான் பங்குசாய் போர். எல்லாக் குழப்பமும் இங்கேதான். மைநிலா அரசர்கள் பணிந்தது வடக்கே பம்பாங்கா பகுதியில், மக்கபேபே ஊரின் இளந்தலைவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. நாற்பது போர்ப் படகுகளோடு வந்து லாக்கன் துலாவின் வீட்டில் இறங்கினார். லெகாஸ்பி சமாதானத் தூது அனுப்பியபோது அதை ஏற்காமல், பங்குசாய் நீரில் சந்திப்போம் என்று சவால் விட்டு, சன்னல் வழியே குதித்துப் படகேறினார் என்பது பதிவு. ஜூன் 3 அன்று போர் நடந்தது. கோய்ட்டி தன் படகுகளை இரண்டிரண்டாகப் பிணைத்து நின்றார். வேகமாக வந்த மக்கபேபே படகுகள் அருகே நெருங்கியதும் துப்பாக்கிகள் ஒரே சமயத்தில் வெடித்தன. இளந்தலைவர் குண்டு பட்டு விழுந்தார். அவர் விழுந்ததும் படை சிதறியது.

அந்த இளைஞரின் பெயரைப் போரை எழுதிய ஸ்பானியர் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் அவரை தாரிக் சுலைமான் என்றார்கள். அங்கிருந்து ராஜா சுலைமான் என்றே ஆக்கிவிட்டார்கள். பள்ளிப் பாடங்களிலும் அப்படி வந்தது. இரண்டு பேர் ஒருவரானார்கள். பெயர் தெரியாமல் மாண்ட ஒரு வீரரின் மரணம் பெயர் தெரிந்த அரசருக்குப் போய்ச் சேர்ந்தது. கொடுத்தவருக்கும் இதில் நஷ்டம், பெற்றவருக்கும் நஷ்டம். மக்கபேபே இளைஞரின் தியாகம் அவருடையதாக இல்லாமல் போயிற்று. சுலைமான் அதற்குப் பிறகு வாழ்ந்த கடினமான ஆண்டுகள் மறைந்து போயின.

ஏனெனில் ராஜா சுலைமான் சாகவில்லை. ஆற்றின் மறு கரையில் வாழ்ந்துகொண்டு, தன் கோட்டை இருந்த இடத்தில் எதிரியின் வீடுகள் எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1572-ல் பெரியவர் மத்தாண்டா இறந்தார். மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றதாக ஸ்பானியர் எழுதினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 20-ல் லெகாஸ்பியும் இறந்தார். வாக்குக் கொடுத்தவரும் போனார், வாக்கு வாங்கித் தந்தவரும் போனார்.

புதிதாக ஆளுநர் பொறுப்பேற்ற கீதோ டெ லாவெசாரெஸ் அந்த வாக்கைச் சட்டை செய்யவில்லை. நிலமும் மக்களும் ஸ்பானிய வீரர்களுக்குப் பங்கு போடப்பட்டன. ஒவ்வொரு வீரனுக்கும் இத்தனை குடும்பம், அவர்களிடம் திறை வாங்கிக்கொள்ளலாம் என்ற முறை. அரச குடும்பத்துக்குச் சொன்ன விலக்கும் காற்றில் போனது. அதிகாரியிடம் முறையிட்டால் அதிகாரியே வாங்குகிறவனாக இருந்தான். இந்தக் கொடுமைகளைக் கண்டித்து ஸ்பானியப் பாதிரியார்கள் சிலரே மன்னருக்குக் கடிதம் எழுதினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நியாயம் பேசியவர் எந்த மதத்தவராக இருந்தாலும் நியாயம் பேசியவர்தான்.

1574 நவம்பர் இறுதியில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. லிமாஹோங் என்ற சீனக் கடற்கொள்ளைத் தலைவன் 60-க்கும் மேற்பட்ட கப்பல்களோடு மணிலாவைத் தாக்கினான். முதல் நாளிலேயே கோய்ட்டி தன் வீட்டில் கொல்லப்பட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே ஊருக்குத் தீ வைத்தவர். ஸ்பானியர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டைக்குள் அடைந்தார்கள்.

சுலைமான் எழுந்தார். லாக்கன் துலாவும் அவரும் மக்களைத் திரட்டினார்கள். விரிகுடாவின் வடகரையில் நவோத்தாஸ் பக்கம் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பணிந்து மூன்று ஆண்டு ஆன பிறகு, ஒருமுறை தோற்று, ஒருமுறை ஊரை எரித்துவிட்டு, இப்போது மூன்றாம் முறை. பங்குசாயில் இறந்துவிட்டதாகச் சொல்லப்படும் மனிதர் செய்தது இது.

லிமாஹோங்கோடு அவர்கள் சேர்ந்தார்களா என்று கேட்டால், அவனுடைய தாக்குதலைத் தங்கள் வாய்ப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பதே சரியான பதில். அவன் வென்றிருந்தால் நிலைமை மேலாக இருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. அவன் நிற்கவில்லை, ஸ்பானியர் தாக்குப் பிடித்ததும் வடக்கே பங்கசினான் பக்கம் போய்விட்டான். இலோகோஸிலிருந்து விரைந்து வந்த சல்சேடோவும், ஹெரோனிமோ மரீன் என்ற பாதிரியாரும் கிளர்ச்சிக்காரர்களிடம் பேச்சு நடத்தினார்கள். குறைகள் நீக்கப்படும், லெகாஸ்பியின் வாக்கு காக்கப்படும் என்று மீண்டும் உறுதி சொன்னார்கள். சுலைமானும் லாக்கன் துலாவும் மக்களைக் கலைத்தார்கள். வேறு வழி இருந்ததா என்று இங்கே உட்கார்ந்து சொல்வது எளிது. அவர்களுக்குப் பின்னால் பசியோடு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நின்றன. முன்னால் புதுத் துருப்புகளோடு சல்சேடோ.

அதற்குப் பிறகு சுலைமானின் பெயர் ஸ்பானியரின் ஏடுகளில் நின்றுவிடுகிறது. போர்க்களத்து முடிவு அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் புருணைக்கும் மைநிலாவுக்கும் இருந்த உறவு அவரோடு முடியவில்லை. அதை அறுக்கத்தான் 1578-ல் ஆளுநர் பிரான்சிஸ்கோ டெ சாந்தே படையோடு புருணைக்கே போனார். நகரைப் பிடித்தார், பெரிய பள்ளிவாசலை எரித்தார். நோய் தாக்கியதால் நீண்ட நாள் தங்க முடியாமல் திரும்பினார்.

பத்து ஆண்டு கழித்து, 1587–88-ல், மறு தலைமுறை முயன்றது. லாக்கன் துலாவின் மகன் மகத் சலாமத், உறவினர் அகுஸ்தீன் டெ லெகாஸ்பி, இன்னும் பல ஊர்த் தலைவர்கள். அந்த இரண்டாவது பெயரைக் கவனியுங்கள். ஞானஸ்நானத்தில், ஊரைப் பிடித்தவரின் பெயரையே சுமக்க வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டே அவர் ஸ்பானியரை விரட்டத் திட்டம் போட்டார். ஜப்பானிய கப்பல் தலைவன் ஒருவனிடமிருந்து ஆயுதம், புருணையிலிருந்து கடற்படை, உள்ளே மக்கள் எழுச்சி என்பது ஏற்பாடு. அந்த நாட்டு வழக்கப்படி முட்டையை உடைத்துக் கழுத்தில் பூசி, வாக்குத் தவறினால் இந்த முட்டை போல நொறுங்குவோம் என்று சத்தியம் செய்தார்கள். புருணைக்குச் செய்தி கொண்டுபோகும் வழியில், கலமியான் தீவுகளில், ஒருவன் காட்டிக்கொடுத்தான்.

அகுஸ்தீன் டெ லெகாஸ்பியும் மர்த்தீன் பங்கான் என்ற தலைவரும் இழுத்துச் செல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்கள். தலைகளை வெட்டி இரும்புக் கூண்டில் வைத்துக் காட்சிக்கு நிறுத்தினார்கள். வீடு இருந்த மனையை உழுது உப்பு விதைத்தார்கள், அங்கே இனி ஒன்றும் முளைக்கக்கூடாது என்று. மகத் சலாமத்தும் கொல்லப்பட்டார். சிலர் மெக்சிகோவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

மணிலாவின் பள்ளிவாசல்களும் ராஜாக்களும் போன பிறகு எதிர்ப்பு தெற்கே மிந்தனாவோவிலும் சுலுவிலும் தொடர்ந்தது. ஸ்பெயின் வெளியேறும் நாள் வரை அங்கே முழுமையாகக் காலூன்ற முடியவில்லை. மணிலாவிலோ பனைமரக் கோட்டை இருந்த இடத்தில் கல் கோட்டை எழுந்தது. ஊரைச் சுற்றிக் கல் மதில் வந்தது. இந்த்ராமுரோஸ் என்று பெயர், மதிலுக்குள் என்று பொருள். அந்த மதிலை 1762-ல் உடைத்த ஆங்கிலேயப் படை புறப்பட்டது நம் சென்னைப் பட்டணத்திலிருந்து. அதில் போன சிப்பாய்கள் சிலர் திரும்பி வராமல் மணிலாவுக்கு அருகே கைந்தா என்ற ஊரில் குடியேறிவிட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

இன்று மணிலாவின் மலாத்தே பகுதியில், பழைய தேவாலயம் ஒன்றின் எதிரே, ராஜா சுலைமானின் பெயரில் ஒரு சதுக்கமும் சிலையும் இருக்கின்றன. கியாப்போ பகுதியில் 1976-ல் கட்டிய தங்கக் குவிமாடப் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குக் கூட்டம் நிரம்புகிறது. பிலிப்பைன்ஸுக்குப் போகிற நம்மவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நேரம் இருந்தால் பாசிக் ஆற்று முகத்துவாரத்துக்கும் போகலாம். சுலைமானின் கோட்டை நின்ற இடத்தில் இப்போது இருப்பது சாந்தியாகோ கோட்டை. மூர்களை வென்றவர் என்று ஸ்பானியர் கொண்டாடும் புனிதரின் பெயர் அது. 1945 போரில் சேதமடைந்து, பின்னர் செப்பனிடப்பட்ட அதன் வாயிலின் மேலே ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. குதிரை மேல் வாளோடு அந்தப் புனிதர். குதிரையின் குளம்புகளுக்குக் கீழே மூர்கள்.